ஒற்றியூர் வளர்த்த நூற்பாக் கல்வி

நுழையும்முன்

பரந்த பொருளைச் சில சொற்களில் அடக்குவது ஓர் ஆற்றல். அடக்கிய பொருளைப் பிறர் உணருமாறு விரிப்பது மற்றோர் ஆற்றல். இந்திய இலக்கண நூல்களும் மெய்யியல் நூல்களும் முதல் ஆற்றலால் பிறந்தன; இரண்டாம் ஆற்றலால் வாழ்ந்தன. வடசென்னையின் திருவொற்றியூரில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் இயங்கிய இலக்கண மண்டபம் ஒன்று இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை என்பதைத் தன் பெயராலேயே உணர்த்துகிறது.

ஒற்றியூரும் இலக்கண மண்டபமும்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடற்கரை, இன்று துறைமுகங்களாலும் தொழிற்சாலைகளாலும் அறியப்படுகிறது. அக்கரையின் நடுவே அமைந்துள்ள திருவொற்றியூர், தேவார மூவரால் பாடப்பெற்ற தொன்மையான தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததாகப் பெரியபுராணம் கூறும் ஊர் இதுவே. பட்டினத்தாரின் அடக்கத்தலமும் இவ்வூர்க் கடற்கரையில் உள்ளது.

இங்குள்ள தியாகராச சுவாமி திருக்கோயில் ஒரு கல்வெட்டுக் களஞ்சியம் ஆகும். பல்லவர் காலம் தொட்டுப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இக்கோயிலில் காணப்படுகின்றன. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் இதன் கருவறை விமானம் கருங்கல்லால் எடுக்கப்பட்டது. கோயிலைச் சார்ந்து மடங்கள் இயங்கின. அடியார் வரலாறுகள் படிக்கப்பட்டன. வழிபாட்டு இடமாகவும் கல்வி நிலையமாகவும் அக்காலக் கோயில் ஒருங்கே விளங்கியமைக்குத் திருவொற்றியூர் சிறந்த சான்று.

மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178–1218) ஆட்சியின் பிற்பகுதியில், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இக்கோயிலைச் சார்ந்த ஒரு மண்டபத்திற்கு நிலக்கொடை வழங்கப்பட்டது. 'வியாகரணதான வியாக்கியான மண்டபம்' என்பது அதன் பெயர். வியாகரணம் என்பது இலக்கணம். தானம் என்பது கொடை. வியாக்கியானம் என்பது விளக்கவுரை. இலக்கணத்தைக் கொடையாக வழங்கி, அதற்கு விளக்கமும் சொல்லும் மண்டபம் என்பது இப்பெயரின் பொருள். பாணினியின் வடமொழி இலக்கணம் அங்குக் கற்பிக்கப்பட்டது.

இம்மண்டபத்தின் பின்னணியில் ஒரு தொன்ம நம்பிக்கை உண்டு. இத்தலத்து இறைவன் பதினான்கு நாள்கள் பாணினிக்குத் தோன்றி, நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு சூத்திரங்களை அருளினார் என்பது அந்நம்பிக்கை. பாணினி, இன்றைய பாகிசுத்தானின் வடமேற்குப் பகுதியில் இருந்த சலாதுரம் என்னும் ஊரைச் சேர்ந்தவர் என்பதே வரலாற்றறிஞர் முடிவு. அவர் கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படுகிறார். எனினும், தொலைவில் பிறந்த ஒரு நூலை ஒற்றியூர் மக்கள் தம் ஊரோடு உறவுபடுத்திக் கொண்டனர். அவ்வுறவுக்கு ஒரு கல்விக்கூடத்தையே வடிவமாக்கினர். தொன்மத்தைவிட அதன் விளைவாகிய கல்விப்பணியே இங்கு வரலாறாகிறது.

நூற்பா என்னும் இழை

சூத்திரம் என்னும் வடசொல்லின் முதற்பொருள் இழை அல்லது நூல் என்பதாகும். தமிழிலும் 'நூல்' என்னும் ஒரே சொல் பஞ்சிலிருந்து திரிக்கப்படும் இழையையும் அறிவு தரும் ஏட்டையும் குறிக்கிறது. இலக்கண விதிகளைச் சுருங்கக் கூறும் பாவை 'நூற்பா' என்பது தமிழ் மரபு.

எழுதும் கருவிகள் அரிதாக இருந்த காலத்தில் நினைவே நூலகமாக இருந்தது. நீண்ட உரைநடையைச் சொல் பிறழாது மனத்தில் இருத்துவது கடினம். ஆகவே விதிகளைச் சிலசொல்லில் அமைத்தனர். வடமொழி மரபு நல்ல சூத்திரத்திற்கு ஆறு இயல்புகளைக் கூறுகிறது. எழுத்துகள் சிலவாதல், ஐயம் தராமை, சாரமுடைமை, எல்லாப் பக்கமும் பொருந்துதல், வெற்றுச்சொல் இன்மை, குற்றமின்மை ஆகியவை அவை. அரை மாத்திரை அளவு ஒலியை மிச்சப்படுத்தினாலும் இலக்கணிகள் மகப்பேறு வாய்த்தது போல மகிழ்வர் என்பது அம்மரபில் வழங்கும் முதுமொழி.

தமிழ் மரபும் இதனோடு ஒத்தது. சிறிய கண்ணாடிக்குள் பெரிய உருவம் தெளிவாகத் தோன்றுவது போலச் சில எழுத்துகளில் பல பொருள் செறிந்து விளங்க வேண்டும் என்பது நன்னூல் கூறும் சூத்திர இலக்கணத்தின் கருத்தாகும். நன்னூலை இயற்றுவித்த சீயகங்கன், மூன்றாம் குலோத்துங்கனின் கீழ் ஆட்சி செய்த சிற்றரசன். ஆகவே, ஒற்றியூர் மண்டபம் நிலக்கொடை பெற்றதும் பவணந்தி முனிவர் தமிழுக்கு நன்னூல் தந்ததும் ஒரே பேரரசனின் காலத்தை ஒட்டி நிகழ்ந்தவை. இரு மொழி இலக்கணங்களும் அரச ஆதரவோடு அருகருகே வளர்ந்தமை கருதத்தக்கது.

பதினான்கு வரிகளின் ஆற்றல்

பாணினியின் இலக்கண நூல் 'அட்டாத்தியாயி' எனப்படும். எட்டு அத்தியாயங்களை உடையது என்பது இதன் பொருள். ஒவ்வோர் அத்தியாயமும் நான்கு பாதங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. நூல் முழுவதிலும் உள்ள சூத்திரங்கள் ஏறத்தாழ 4000. இவற்றின் முன்னே, ஒலிகளை வரிசைப்படுத்தும் பதினான்கு சிறு தொடர்கள் நிற்கின்றன. சிவபெருமான் அருளியவை எனக் கருதப்படுவதால் இவை 'மகேசுவர சூத்திரங்கள்' என்று பெயர் பெற்றன. ஒற்றியூர்த் தொன்மம் குறிப்பிடுவது இவற்றையே.

இத்தொடர்களுள் முதல் நான்கு உயிர்களையும் ஏனைய பத்தும் மெய்களையும் தொகுக்கின்றன. ஒவ்வொரு தொடரின் இறுதியிலும் ஒரு மெய் குறியீடாக நிற்கும். அது கணக்கில் சேராத எல்லைக்கல் போன்றது. ஓர் ஒலியையும் பின்னால் வரும் ஓர் எல்லைக்கல்லையும் சேர்த்துச் சொன்னால், இடையில் உள்ள எல்லா ஒலிகளும் அடங்கிவிடும். முதல் ஒலி 'அ'. நான்காம் தொடரின் எல்லைக்கல் 'ச்'. இரண்டும் சேர்ந்த 'அச்' என்பது எல்லா உயிர்களுக்கும் பெயராயிற்று. அவ்வாறே 'ஹல்' என்பது எல்லா மெய்களையும் குறித்தது. இத்தகைய சுருக்கப் பெயருக்குப் 'பிரத்தியாகாரம்' என்பது கலைச்சொல்.

இம்முறையின் நுட்பத்தை இன்றைய வடசென்னையின் ஒரு காட்சியால் விளங்கிக் கொள்ளலாம். சென்னைத் துறைமுகத்திற்கும் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கும் செல்லும் கண்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகங்களின் மேல் நான்கு எழுத்துகளும் ஏழு எண்களும் எழுதப்பட்டிருக்கும். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிப்பவை. நான்காம் எழுத்து அது எவ்வகைக் கலம் என்பதைக் காட்டும். அடுத்த ஆறு எண்கள் வரிசை எண். இறுதி எண், முன்னவை பிழையின்றி எழுதப்பட்டனவா என்று சரிபார்க்க உதவும். சாலையில் செல்வோர்க்கு அது வெறும் எழுத்துக் கூட்டம். முறையறிந்த துறைமுகப் பணியாளர்க்கோ முழுச்செய்தி. சுருக்கக் குறியீடு, அதன் திறவுகோலை வைத்திருப்பவரிடம் மட்டுமே பேசும். பாணினியின் சூத்திரமும் அத்தகையதே.

மண்டபத்தின் பெயரில் ஒரு விதி

சூத்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஒரு புணர்ச்சி விதியால் அறியலாம். 'இக்' என்னும் சுருக்கப் பெயர் இ, உ ஆகியவற்றோடு ரு, லு என்பன போல ஒலிக்கும் இரண்டு வடமொழி உயிர்களையும் குறிக்கும். 'யண்' என்பது ய, வ, ர, ல ஆகிய நான்கு மெய்களைக் குறிக்கும். இக் என்பதன் இடத்தில், அச் வருமொழி முதலாக நிற்கும்போது, யண் வரும் என்பது விதி.

இவ்விதியைப் பாணினி மூன்றே சொற்களில் முடித்துவிடுகிறார். அதில் வினைச்சொல் இல்லை. 'இடத்தில்' என்றோ 'வரும்போது' என்றோ தனிச்சொற்களும் இல்லை. வேற்றுமை உருபுகளே அவ்வேலையைச் செய்கின்றன. ஆறாம் வேற்றுமை ஏற்ற சொல் மாற்றப்படுவதைக் காட்டும். முதல் வேற்றுமைச் சொல் மாற்றாக வருவதைக் காட்டும். ஏழாம் வேற்றுமைச் சொல் பின்னால் நிற்பதைக் காட்டும். வேற்றுமைகளை இவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பதை வேறு சூத்திரங்கள் முன்னரே உரைத்துள்ளன. நான்கிற்கு நான்கு எவ்வாறு பொருந்தும் என்பதையும் மற்றொரு சூத்திரம் தெளிவாக்குகிறது. தமிழில் நிரல்நிறை என வழங்கும் முறையே அது.

இதி + ஆதி என்பது இத்யாதி என்றும், சு + ஆகதம் என்பது ஸ்வாகதம் என்றும் ஆவது இவ்விதியால்தான். வியாகரணம் என்னும் சொல்லும் இவ்வாறு பிறந்ததே. வி + ஆகரணம் என்பதில் இகரத்தின் இடத்தில் யகர மெய் வந்து 'வ்யாகரணம்' ஆயிற்று. வி + ஆக்கியானம் என்பதும் அவ்வாறே 'வ்யாக்கியானம்' ஆயிற்று. மெய்ம்மயக்கம் சொல்லின் முதலில் வாராது என்னும் தமிழ் மரபால், இவை தமிழில் வியாகரணம், வியாக்கியானம் என எழுதப்படுகின்றன. ஒற்றியூர் மண்டபத்தின் பெயரிலுள்ள இரு சொற்களுக்கும் அம்மண்டபத்தில் கற்பிக்கப்பட்ட ஒரே விதி அடிப்படையாதல் எண்ணி மகிழத்தக்கது.

தமிழ்ப் புணர்ச்சியோடு இதனை ஒப்பிடலாம். மணி + அழகு என்பது மணியழகு ஆகும்போது இகரம் அழிவதில்லை. இரண்டு உயிர்களுக்கும் இடையே யகரம் உடம்படுமெய்யாகத் தோன்றுகிறது. வடமொழியில் இகரமே யகரமாகத் திரிகிறது. இரு மொழிகளும் ஒரே இடர்ப்பாட்டை எதிர்கொண்டு வெவ்வேறு வழியில் தீர்த்துக்கொண்டன.

மேற்கூறிய விதியை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர், ரவி + இந்திரன் என்பதைப் பிழையாகப் புணர்த்துவார். இரண்டும் இகரமாக இருப்பதால் அங்கு வேறொரு விதி முந்திக்கொள்கிறது. இரு குறில்களும் சேர்ந்து ஒரு நெடிலாகி 'ரவீந்திரன்' என்றாகும். ஆகவே ஒரு சூத்திரத்தை அறிவது என்பது, அது செல்லும் எல்லையையும் அறிவதாகும்.

ஐயமும் விளக்கமும்

பதினான்கு தொடர்களுள் ஒரு வியப்பான சிக்கல் உண்டு. முதல் தொடரின் எல்லைக்கல் 'ண்'. ஆறாம் தொடரின் எல்லைக்கல்லும் 'ண்' ஆகவே உள்ளது. அவ்வாறாயின் 'அண்' என்னும் சுருக்கப் பெயர் எதனைக் குறிக்கும்? முதல் ணகரம் வரை எனக் கொண்டால் அ, இ, உ என்னும் மூன்று மட்டும் அடங்கும். இரண்டாம் ணகரம் வரை எனக் கொண்டால் எல்லா உயிர்களும் அவற்றோடு ஹ, ய, வ, ர, ல ஆகியவையும் அடங்கும். ஐயம் தராமை சூத்திரத்தின் இயல்பு என்று கூறும் மரபில், முதற்படியிலேயே ஓர் ஐயம் எழுகிறது.

பாணினிக்குப் பின் காத்தியாயனர் அவர்தம் சூத்திரங்களை ஆராய்ந்து 'வார்த்திகம்' என்னும் குறிப்புரைகளை எழுதினார். கி.மு. 2ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பதஞ்சலி இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு 'மாபாடியம்' என்னும் பேருரை கண்டார். ஆசிரியரும் மாணவரும் எதிரெதிர் அமர்ந்து வினாவி விடைகாணும் நடையில் அமைந்தது அவ்வுரை. எழுத்துகளுக்கா பஞ்சம்? வேறோர் எழுத்தை எல்லைக்கல்லாக வைத்திருக்கலாகாதா என்னும் வகையில் அங்கு வினா எழுப்பப்படுகிறது. ஐயம் தோன்றுவதனாலேயே ஒரு விதி விதியல்லாமல் போய்விடாது. அதன் உண்மைப் பொருளை விளக்கவுரையால் அறிந்துகொள்ள வேண்டும் என்பது அங்கு எட்டப்படும் முடிவு. 'அண்' என்பது ஓரிடம் நீங்கலாக மற்ற இடங்களில் முதல் ணகரம் வரையே செல்லும் என்று மரபு வரையறுத்தது.

இம்முடிவு ஓர் எழுத்தைப் பற்றியது மட்டுமன்று. சூத்திரம் தனித்து முழுமை பெறுவதில்லை. உரைமரபோடு சேர்ந்தே அது முழுமை பெறுகிறது என்னும் கொள்கையை இது நிலைநாட்டுகிறது. ஒற்றியூர் மண்டபத்தின் பெயரில் வியாகரணத்தோடு வியாக்கியானமும் இடம்பெற்றதன் பொருத்தம் இங்குப் புலனாகிறது. சூத்திரத்தை மட்டும் கொடுப்பது பூட்டிய பேழையைக் கொடுப்பது போன்றது. விளக்கத்தோடு கொடுப்பதே கொடையாகும்.

தெரிந்து தெளிவோம்

நூற்பாக்கள் தொடர்புற்று நிற்கும் முறையை நன்னூல் நான்கு வகையாகக் கூறுகிறது. அவை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு ஆகியன. ஆற்றுநீர் போல இடையறாது செல்வது ஆற்றொழுக்கு. சிங்கம் போல முன்னும் பின்னும் நோக்குவது அரிமா நோக்கு. இடையிலுள்ளதைத் தாண்டிச் சென்று பொருந்துவது தவளைப் பாய்த்து. பருந்து போல இடையே வீழ்ந்து கருதிய பொருளைக் கொண்டு செல்வது பருந்தின் வீழ்வு. பாணினியின் நூலிலும் முன் சூத்திரத்துச் சொல் பின் சூத்திரங்களுக்கு ஒழுகி வரும். அதற்கு 'அனுவிருத்தி' என்று பெயர். தவளைப் பாய்த்து, அரிமா நோக்கு என்னும் உவமைகள் வடமொழி இலக்கண மரபிலும் வழங்குகின்றன.

மெய்யியலில் நூற்பா

இலக்கணத்தில் சிறந்த இவ்வடிவத்தை மெய்யியலாரும் ஏற்றுக்கொண்டனர். சைமினியின் மீமாஞ்சை, கௌதமரின் நியாயம், கணாதரின் வைசேடிகம், பதஞ்சலியின் பெயரால் வழங்கும் யோகம், பாதராயணரின் பிரம்ம சூத்திரம் ஆகியவை சூத்திரங்களால் ஆனவை. விதியைக் கூறும் இலக்கணத்திலேயே ஐயம் எழுமாயின், உயிர், உலகு, இறை ஆகியவற்றைக் கூறும் மெய்யியலில் கருத்து வேறுபாடு மிகுதியாகத் தோன்றுவது இயல்பே.

பிரம்ம சூத்திரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் முதற்சூத்திரம், பின்னர் என்னும் பொருளுடைய ஒரு சொல்லோடு தொடங்கிப் பிரம்மத்தை அறியும் ஆராய்ச்சியை முன்வைக்கிறது. எதன் பின்னர் என்பது சூத்திரத்தில் கூறப்படவில்லை. நிலையானதையும் நிலையற்றதையும் பகுத்தறிதல், பற்றின்மை, மனவடக்கம் முதலியன, வீடுபேற்று வேட்கை ஆகிய நான்கு தகுதிகளையும் பெற்ற பின்னர் என்று சங்கரர் பொருள் கூறினார். வேதத்தின் கருமப் பகுதியைக் கற்று, அதன் பயன் நிலையற்றது என உணர்ந்த பின்னர் என்று இராமானுசர் பொருள் கண்டார். முன்னவர் உரை அத்துவைத நெறிக்கும் பின்னவரின் சீபாடியம் விசிட்டாத்துவைத நெறிக்கும் அடித்தளமாயின. திருப்பெரும்புதூரில் பிறந்து காஞ்சியில் கற்றுத் திருவரங்கத்தில் வாழ்ந்த இராமானுசரால், தமிழ்நிலம் அவ்விவாதத்தின் முதன்மைக் களங்களுள் ஒன்றாயிற்று. ஒரு சொல் சொல்லாது விட்ட இடத்திலிருந்து இரண்டு நெறிகள் தத்தம் வழியில் கிளைத்தன.

ஒற்றியூர் மண்டபம் நிலக்கொடை பெற்ற அதே 13ஆம் நூற்றாண்டில், தமிழில் ஒரு மெய்யியல் நூற்பா நூல் தோன்றியது. திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் அருளிய சிவஞானபோதமே அது. பன்னிரண்டு நூற்பாக்களில் சைவ சித்தாந்தம் முழுவதும் அதில் அடங்கியுள்ளது. அவன், அவள், அது எனச் சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதற்கு ஒரு முதல்வன் உண்டு என்னும் கருத்தோடு அந்நூல் தொடங்குகிறது. மெய்கண்டார் நூற்பாக்களை மட்டும் தந்து விலகிவிடவில்லை. மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் ஒவ்வொன்றின் பொருளையும் தாமே நிறுவிக் காட்டினார்.

அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் அதன் வழிநூலாகச் சிவஞான சித்தியாரை இயற்றினார். மெய்கண்டாரின் குடும்பத்திற்கே குருவாக விளங்கியவர் அருணந்தியார் என்றும், வயதில் இளையவரான மெய்கண்டாரின் அறிவை உணர்ந்து அவருக்கு மாணவரானார் என்றும் சைவ மரபு கூறும். விளக்கம் கேட்பதற்கு வயதும் பிறப்பும் தடையாகா என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் சிவஞானபோதத்திற்கு எழுதிய பேருரையும் 'மாபாடியம்' என்றே வழங்குகிறது. தொல்காப்பியத்தின் பாயிரத்திற்கும் முதல் நூற்பாவிற்கும் மட்டும் அவர் தனியே ஒரு விருத்தியுரை இயற்றியுள்ளார். நூற்பா சிறிதாயினும் அதன் விளக்கம் ஒரு நூலாகும் என்பதற்கு அது சான்று.

விளக்கத்திற்கு ஆன விலை

ஏட்டை ஒருமுறை எழுதினால் போதும். விளக்கமோ ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகச் சொல்லப்பட வேண்டும். அதற்கு ஆசிரியர் வேண்டும், மாணவர் வேண்டும், அவர்கள் அமர இடமும் உண்ண உணவும் வேண்டும். ஒற்றியூர் மண்டபத்தைப் பேணவும் ஆசிரியரையும் மாணவரையும் புரக்கவும் வழங்கப்பட்ட நிலம் அறுபது வேலிக்குக் குறையாதது. இன்றைய அளவில் அது ஏறத்தாழ 400 ஏக்கர். சுருக்கத்தின் மிகச்சிறந்த வடிவமான சூத்திரத்தைக் கற்பிக்க அத்துணைப் பரந்த வயல்களின் விளைவு தேவைப்பட்டது.

இத்தகைய ஏற்பாடு சோழர் காலத்தில் வேறு ஊர்களிலும் இருந்தது. விழுப்புரம் மாவட்டத்தின் எண்ணாயிரம் என்னும் ஊரில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் இயங்கிய கல்லூரியில் 340 மாணவர் பயின்றனர். அவர்களுள் 40 பேர் தொடக்கநிலையில் 'ரூபாவதாரம்' என்னும் இலக்கண நூலையும் 25 பேர் மேல்நிலையில் வியாகரணத்தையும் கற்றனர். ரூபாவதாரம், பாணினியின் சூத்திரங்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து எளிமைப்படுத்திய நூல். அதன் ஆசிரியர் தருமகீர்த்தி என்னும் பௌத்தர். வேதம் பயிலும் கல்லூரியில் பௌத்தர் ஒருவரின் நூல் பாடமாக இருந்தது. நல்ல விளக்கம் எங்கிருந்து வந்தாலும் கொள்ளத்தக்கது என்னும் கல்விப் பண்பை இது காட்டுகிறது.

எனினும் இக்கல்வியின் மற்றொரு பக்கத்தையும் நோக்க வேண்டும். வேதக் கல்வியோடு இணைந்த இந்நிலையங்கள் பெரும்பாலும் அந்தணர்க்கு உரியனவாக இருந்தன. வயலை உழுது நெல் விளைவித்த மக்களின் பிள்ளைகளுக்கு அங்கு அமர்ந்து கற்கும் வாய்ப்பில்லை. நினைவுக்கு எளிதாகும் பொருட்டுப் பிறந்த சுருக்கம், விளக்கம் சிலரிடம் மட்டும் தங்கியபோது மற்றவர்க்கு அடைத்த கதவாயிற்று. அறிவைக் காக்கும் பேழையே அறிவைப் பூட்டும் பேழையாகவும் மாறக்கூடும். இவ்விரண்டுள் எது நிகழ்கிறது என்பதைத் திறவுகோல் யார் கையில் உள்ளது என்பதே தீர்மானிக்கிறது.

இன்றைய வகுப்பறையில் சூத்திரம்

தமிழில் 'சூத்திரம்' என்னும் சொல் இன்று கணித, அறிவியல் வாய்பாட்டையும் குறிக்கிறது. இயற்பியலின் வாய்பாடும் வேதியியலின் குறியீடும் சில எழுத்துகளில் பெரும்பொருளை அடக்குபவை. அவற்றை மனத்தில் இருத்துவது தேவையே. பாணினியின் மாணவரும் முதலில் மனப்பாடம் செய்தனர். ஆனால் அவர்தம் கல்வி அங்கு முடியவில்லை, அங்குத்தான் தொடங்கியது. இச்சொல் ஏன் வந்தது, இது வேறிடத்துச் செல்லுமா, செல்லாத இடம் எது என்னும் வினாக்களே உரைமரபை வளர்த்தன. வினா எழுப்பாது நினைவில் வைத்த சூத்திரம், முறையறியாதவர் கண்ட பெட்டக எண்ணைப் போன்றது. எழுத்து தெரியும், பொருள் தெரியாது.

ஒற்றியூர்க் கல்வெட்டு, கொடுத்த நிலத்தையும் மண்டபத்தின் பெயரையும் பாதுகாத்துத் தந்துள்ளது. அங்கு அமர்ந்து ஆசிரியர் சொன்ன விளக்கத்தைக் கல்லில் பொறிக்க இயலாது. அது கேட்டவர் வழியே மட்டும் வாழக்கூடியது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் சிலருக்கு மட்டும் ஒரு மண்டபத்தில் கிடைத்த விளக்கம், இன்று இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள ஒவ்வொரு பள்ளியிலும் மீனவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உரிமையாகியுள்ளது. அவ்வுரிமையைப் பயன்கொள்ளும் வழி, புரியாத இடத்தில் எழுந்து வினவுவதே ஆகும்.

சொல்லும் பொருளும்

வியாகரணம் – இலக்கணம். வியாக்கியானம் – விளக்கவுரை. பிரத்தியாகாரம் – ஒலித்தொகுதியைக் குறிக்கும் சுருக்கப் பெயர். வார்த்திகம் – குறிப்புரை. பாடியம் – பேருரை. விருத்தி – விரிவுரை. ஏது – காரணம். வேலி – பழைய நில அளவு. புரத்தல் – பாதுகாத்தல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கோயிலிலோ அருகிலுள்ள தொன்மையான இடத்திலோ கல்விக்கொடை பற்றிய கல்வெட்டு உள்ளதா எனக் கேட்டறிந்து, வகுப்பில் எடுத்துரைக்க.

2. நன்னூல் நூற்பா ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்னும் ஐந்தும் அமைந்த காண்டிகையுரை ஒன்றை நீங்களே எழுதுக.

மதிப்பீடு

குறுவினா

1. 'வியாகரணதான வியாக்கியான மண்டபம்' – பெயர்ப்பொருளை விளக்குக.

2. 'அச்' என்னும் சுருக்கப் பெயர் எவ்வாறு உருவாகிறது?

சிறுவினா

1. மணியழகு, இத்யாதி – இவ்விரு சொற்களின் புணர்ச்சியை ஒப்பிட்டு வேறுபாட்டை எழுதுக.

2. பிரம்ம சூத்திரத்தின் முதற்சொல்லுக்குச் சங்கரரும் இராமானுசரும் கண்ட பொருள்கள் யாவை?

நெடுவினா

1. சூத்திரம் தனித்து முழுமை பெறுவதில்லை என்னும் கருத்தை இலக்கணம், மெய்யியல் ஆகிய இரண்டிலிருந்தும் சான்று காட்டி நிறுவுக.

2. 'அறிவைக் காக்கும் பேழையே அறிவைப் பூட்டும் பேழையாகவும் மாறக்கூடும்' – இக்கூற்றைச் சோழர் காலக் கல்வி நிலையங்களின் வழி ஆராய்க.